நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் மருந்தகக் கவுண்டரில் நிற்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று: "அக்கா, மூஞ்செல்லாம் எண்ணெயா வழியுது. ஆனா கன்னம் மட்டும் வெள்ளை வெள்ளையா உரியுது. எண்ணெய்ச் சருமத்துக்கு உள்ளதை வாங்குறதா, காய்ஞ்ச சருமத்துக்கு உள்ளதை வாங்குறதா?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே டப்பா தேடும்போதுதான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது. நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். கன்னத்தின் வெளிப்பக்கத்தில் குறைவு. எல்லோர் முகமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. சிலருக்கு இந்த வித்தியாசம் தொட்டாலே தெரியும் அளவுக்கு இருக்கும். அதைத்தான் கலவைச் சருமம் என்கிறோம். அது நோய் இல்லை. சுரப்பிகளை இயக்குவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். அவை ஆண், பெண் இருவர் உடம்பிலும் உண்டு. ஒரு நாளில் எத்தனை முறை முகம் கழுவினாலும் சுரப்பி சிறுத்துவிடாது. கழுவக் கழுவக் காய்வது கன்னம்தான்.

அதனால் கீழே வரும் எல்லாத் தீர்வுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நெற்றிக்கு உள்ளதை நெற்றியில் போடுங்கள், கன்னத்துக்கு உள்ளதைக் கன்னத்தில் போடுங்கள்.

தொடங்குவதற்கு முன்: உண்மையிலேயே கலவைச் சருமமா?

மிதமான ஃபேஸ் வாஷால் முகம் கழுவி, துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருங்கள். ஏர்கோன் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பால்மரம் (ரப்பர்) சீவிவிட்டோ செம்பனைக் குலை வெட்டிவிட்டோ வந்த உடனே சோதிக்காதீர்கள். சூட்டில் எல்லார் முகத்திலும் எண்ணெய் கூடுதலாக வடியும். ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய டிஷ்யூவை நெற்றி, மூக்கு, முகவாய், இரண்டு கன்னங்கள் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். நடுப்பகுதியில் எண்ணெய்க் கறை, கன்னத்தில் ஒன்றும் இல்லை என்றால் கலவைச் சருமம். எல்லா இடத்திலும் கறை என்றால் எண்ணெய்ச் சருமம். எங்குமே கறை இல்லாமல் முகம் முழுக்க இழுத்தால் வறண்ட சருமம்.

அடுத்து, இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்க்ரப், டோனர், கடலைமாவு, தோழி கொடுத்த சீரம் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். மூன்று பொருள் மட்டும் போதும்: காலையும் மாலையும் மிதமான ஃபேஸ் வாஷ், மெல்லிய மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். ஐந்து பொருளைப் பூசிக்கொண்டே எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பாதிப் பேருக்கு இந்த இரண்டு வாரத்திலேயே முகம் அமைதியாகிவிடுவதைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: நீங்கள் வெள்ளையாக்கும் க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால், முதலில் "நிறுத்தினால் முகம் பற்றி எரிகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: கழுவிய பத்து நிமிடத்தில் கன்னம் இழுக்கிறது, மதியத்துக்குள் நெற்றி பளபளக்கிறது

முதல் சந்தேகம் சோப்பின் மேல். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்புக் கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கன்னத்துத் தோலைப் பூட்டி வைத்திருக்கும் கொழுப்புப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. நெற்றிக்கு அந்த இழப்பு தெரியாது, கொஞ்ச நேரத்தில் எண்ணெய் ஊறிவிடும். கன்னத்துக்கு அந்த வசதி இல்லை.

லயத்து வீடுகளில் குளியலறையில் ஒரே சோப்புத்தான் இருக்கும். தலை முதல் கால் வரை அதுதான். உடம்புக்கு அது இருக்கட்டும். முகத்துக்கு மட்டும் நுரை குறைவான, வாசனை சேர்க்காத ஃபேஸ் வாஷ் ஒன்று தனியாக வாங்குங்கள். விலை கூடியதுதான் நல்லது என்று இல்லை. லேபிளில் "சோப்பு இல்லாதது" என்ற பொருளில் எழுதியிருந்தால் போதும். கையில் நுரைத்து முதலில் நெற்றி, மூக்கு, முகவாயில் வையுங்கள். அங்கே அரை நிமிடம் தேயுங்கள். கன்னத்தில் கடைசியாகத் தடவி உடனே கழுவிவிடுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கன்னத்தில் மாய்ஸ்சரைசர் போடுங்கள். நெற்றியில் அதில் கால்பங்கு போதும். சிலருக்கு அதுவும் தேவைப்படாது.

பகலில் எண்ணெய் வழிந்தால் மறுபடி சோப்புப் போடாதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், அல்லது வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

வெயிலில் வேலை செய்யும் சிலர் இன்னும் பெடாக் செஜுக் பூசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஊறவைத்துப் புளித்த அரிசியில் செய்த அந்த மாவு எண்ணெயை உறிஞ்சும், குளிர்ச்சியாகவும் இருக்கும். நெற்றிக்கும் மூக்குக்கும் அது நன்றாகவே ஒத்துவரும். கன்னத்தில் கனமாகப் பூசி நாள் முழுக்கக் காயவிட்டால் உரியத்தான் செய்யும். கடலைமாவுக்கும் இதே கணக்குத்தான். வாரம் ஒருமுறை நெற்றியோடும் மூக்கோடும் நிறுத்திக்கொண்டால் கெடுதல் இல்லை.

அறிகுறி: நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பொரிகள்

இதில் அவசரப்படாமல் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதிலைப் பொறுத்து மருந்து அப்படியே மாறிவிடும். இங்கே தவறான மருந்தை மாதக்கணக்கில் போட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

அரிக்கிறதா? பொரிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றனவா? நெற்றியோடு முதுகிலும் மார்பிலும் அதே மாதிரி இருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது பெரும்பாலும் முகப்பரு இல்லை. மலசீசியா என்ற ஒருவகை ஈஸ்ட் எல்லோர் தோலிலும் வாழ்கிறது. வியர்வையும் எண்ணெயும் புழுக்கமும் சேர்ந்தால் முடிக்கால்களுக்குள் அது பெருகிப் பொரிகளை எழுப்பும். ஆண்டு முழுக்க ஈரப்பதம் குறையாத நம் நாட்டில் இது சகஜம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் சில சமயம் கூடிக்கூட போகும். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை மருந்தாளரிடம் கேட்டு வாங்கி, வாரம் இரண்டு மூன்று முறை நெற்றியிலும் முதுகிலும் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் படக்கூடாது, கன்னத்துக்கு இழுத்து வரவும் கூடாது. நான்கு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், மாத்திரை தேவைப்படலாம்.

அரிப்பு இல்லை, பொரிகள் முடி தொடங்கும் கோட்டை ஒட்டியே இருக்கின்றன என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். காலையில் எண்ணெய் வைத்துத் தலைவாரி, அதன் மேல் துணியைக் கட்டி வேலைக்குப் போனால், வியர்வையோடு எண்ணெய் நெற்றிக்கு இறங்கி நுண்துளைகளை அடைக்கும். எண்ணெய் வைப்பதை விடச் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதை விடச் சொன்னால் யாரும் விடப்போவதும் இல்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்துத் தலைக்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள். நுனி முடிக்கு மட்டும் பிறகு கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். தலையணை உறையை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எண்ணெயைப் படியப் படிய வாரி அனுப்புகிற அம்மாக்களே, பிள்ளையின் நெற்றிப் பொரிக்கு முதல் மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது.

பொரிகள் ஒரே கோடாக, பட்டையாக வருகின்றனவா? பால்மரம் சீவுபவர்கள் விடியலுக்கு முன் நெற்றியில் மாட்டும் விளக்கின் பட்டை, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளுறை, தொழிற்சாலைத் தொப்பியின் விளிம்பு இவை உராயும் இடத்தில் இப்படி வரும். பட்டையையும் உள்ளுறையையும் கழற்றித் துவைத்துக் காயவையுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டி, தினமும் அதை மாற்றுங்கள். பல நேரம் மருந்தே வேண்டியிருக்காது.

எண்ணெயால் வந்த பொரியும், உராய்ந்து வந்த பொரியும் பழக்கத்தை மாற்றிய பிறகும் அடங்கவில்லை என்றால், சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் கலந்த ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், நெற்றியில் மட்டும் போடுங்கள். இந்த அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் அடைபட்ட துளைக்குள் இறங்கி வேலை செய்யும். சீழ் வைத்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் நல்லது. அது துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும். வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: மூக்கில் கறுப்புப் புள்ளிகள், பிதுக்கினாலும் திரும்ப வருகின்றன

மூக்கில் ஒரே சீராக, சாம்பல் நிறத்தில் தெரியும் நுண்ணிய புள்ளிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகள் அல்ல. எண்ணெய் வெளியே வருகிற வழிகள் அவை, எல்லார் மூக்கிலும் உண்டு. பிதுக்கினாலும் ஒட்டி இழுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிறைந்துவிடும். உண்மையான கரும்புள்ளி தனியாக, தடித்து, கறுத்து நிற்கும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. உள்ளே அடைபட்டிருப்பது காற்றுப் பட்டு நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் தேய்த்துக் கழுவி அதைப் போக்க முடியாது.

சாலிசிலிக் ஜெல்லை மூக்கிலும் அதே ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையில் போடுங்கள், ஆறு வாரம் பொறுங்கள். போதவில்லை என்றால் அடபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே கூடாது.

அறிகுறி: மூக்கோரத்திலும் புருவத்திலும் செதில், கூடவே சிவப்பு

பார்த்தால் வறட்சி மாதிரி தெரியும். அதனால் பலர் அங்கே தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். இரண்டு நாள் செதில் அடங்கும், மூன்றாம் நாள் கூடுதலாக வரும். எண்ணெய் சுரக்கும் இடத்தில் மஞ்சள் கலந்த செதில் உதிர்கிறது, தலையிலும் பொடுகு இருக்கிறது என்றால் இதுவும் அந்த மலசீசியாவோடு சேர்ந்த அழற்சிதான். தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் அதற்குத் தீனி.

தலைக்குப் பொடுகு ஷாம்பு போடும்போது நுரையைப் புருவத்திலும் மூக்கோரத்திலும் சில நிமிடம் வைத்துக் கழுவுங்கள். மருந்தாளர் சொன்னால் கீட்டோகோனசோல் க்ரீமை அந்த மடிப்பில் மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் போடலாம். இது முழுக்க ஒழிகிற தொல்லை இல்லை. உறக்கம் கெட்டாலும் மனக் கவலை கூடினாலும் திரும்ப எட்டிப்பார்க்கும். வந்தால் அதே வைத்தியத்தைத் திரும்பத் தொடங்கினால் போதும். சீக்கிரம் அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு க்ரீமை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.

அறிகுறி: கன்னத்தில் எதைப் போட்டாலும் எரிகிறது

வியர்வை பட்டால்கூடச் சுரீர் என்கிறது, நேற்று வரை ஒத்துப்போன மாய்ஸ்சரைசரும் எரிகிறது என்றால், கன்னத்தின் காவல் படலம் உடைந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் நெற்றிக்கு வாங்கிய மருந்துதான். பரு ஜெல்லை முகம் முழுக்கத் தேய்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் வீட்டு வைத்தியம்: பற்பசை, சமையல் சோடா, எலுமிச்சைச் சாறு.

எலுமிச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சை, லிமாவ் வகைகளில் இருக்கும் ஃபுரானோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சுட்ட மாதிரிக் கொப்புளமும் அதன் பின் மாதக்கணக்கில் போகாத கறுப்பும் வரும். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது சாதாரணமாக இருக்கும் நாட்டில் எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பது ஆபத்து. அது சமையலறையிலேயே இருக்கட்டும்.

என்ன செய்வது? எல்லா அமிலங்களையும், எல்லா மருந்துகளையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் ஃபேஸ் வாஷ். செராமைடு (தோலில் இயல்பாக இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) கலந்த, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைக் கன்னத்தில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. இரவில் அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாக, கன்னத்தில் மட்டும். அதை மூக்குக்கும் நெற்றிக்கும் இழுக்காதீர்கள். ஏர்கோன் ஓடும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்கள் சின்ன டப்பா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கன்னத்தில் தடவிக்கொள்ளலாம். நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு அடங்கும். அடங்கிய பிறகு பரு மருந்தை மறுபடி தொடங்குங்கள், இந்த முறை நெற்றியில் மட்டும்.

அறிகுறி: க்ரீமை நிறுத்தினால் முகம் பற்றி எரிகிறது

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையத்திலும் "செட்" என்று விற்பார்கள்: ஒரு சோப்பு, ஒரு டோனர், பகலுக்கு ஒரு க்ரீம், இரவுக்கு ஒரு க்ரீம். தீபாவளி நெருங்கினால், கல்யாணப் பேச்சு வந்தால், விற்பனை கூடும். ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும், பரு மறையும், எண்ணெய் வழிவது அடங்கும். கலவைச் சருமம் உள்ளவர்களுக்கு நெற்றியும் கன்னமும் ஒரே மாதிரி ஆகிவிட்டதாகத் தோன்றும். அந்த வேகமே எச்சரிக்கை. தோலுக்கு அப்படி ஒரு வாரத்தில் மாறும் வழக்கம் இல்லை. அப்படி மாற்றுவது பெரும்பாலும் மூன்று பொருட்கள்: பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு. சிலவற்றில் ட்ரெட்டினாயினும் சேரும். மலேசியாவில் இவற்றை அழகுப் பொருளில் வெள்ளையாக்கக் கலக்கவே கூடாது. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்படிப் பிடிபட்ட பொருட்களின் பெயரை அடிக்கடி வெளியிட்டு, அவற்றின் பதிவை ரத்து செய்கிறது.

ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். கன்னத்தில் சிவப்பாக இரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் சிவந்து, எரிந்து, முகம் முழுக்கப் பொரி வெடிக்கும். பயந்துபோய் மறுபடி போட்டால் அடங்கும். அப்படியே அதற்கு அடிமையாகிவிடுகிறார்கள். ஹைட்ரோகுயினோனைக் கண்காணிப்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால், வெளுக்க வேண்டிய முகத்தில் நீலங்கலந்த கறுப்புத் திட்டு விழும், அதை நீக்குவது மிகக் கடினம். பாதரசம் தோல் வழியாக இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். துண்டு, தலையணை, அம்மாவின் கன்னம் வழியாகக் கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும்.

உங்கள் டப்பாவைக் கையில் எடுங்கள். உள்ளடக்கப் பட்டியல் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, காலாவதித் தேதி இல்லை என்றால் அது குப்பைக்கு. அழகுப் பொருளாக இருந்தால் 'என்.ஓ.டி.' (NOT) எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். மருந்தாக இருந்தால் 'எம்.ஏ.எல்.' (MAL) எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். எண் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது, போலி எண்ணும் உண்டு. அந்த எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். தட்டத் தெரியாவிட்டால் எந்த மருந்தாளரிடம் கொடுத்தாலும் பார்த்துச் சொல்வார். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால்: க்ரீமை எடுத்துக்கொண்டு அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டை எப்படி இறக்குவது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். பாதரசம் சந்தேகம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். முகம் சிவந்து எரியும் வாரங்கள் கடினமானவை. கண்ணாடி பார்க்கவே மனம் வராது. அந்த நாட்களில் வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும் போட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள், பழைய டப்பாவைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "என்ன, மறுபடி கறுத்துட்டே?" என்று கேட்காதீர்கள். பாதிப் பேரைத் திரும்ப அந்த க்ரீமுக்கு அனுப்புவது அந்த ஒரு கேள்வி. நம் நிறம் சரிசெய்ய வேண்டிய பிழை இல்லை.

அறிகுறி: பரு போய்க் கறுப்பு மட்டும் நிற்கிறது

மாநிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கறுப்பு விடும். பரு இருந்த இடத்தில் புள்ளியாக இருந்தால் இந்த வகை. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் விரிந்த திட்டாக இருந்தால் மங்கு. இரண்டையும் வளர்ப்பது வெயில். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன் மங்குக்குக் கூடுதல் பலன் தரும்.

"சன்ஸ்க்ரீன் போட்டா வழியுதுக்கா" என்பார்கள். காரணம், க்ரீம் வகையை வாங்கி மாய்ஸ்சரைசர் மேல் போட்டிருப்பார்கள். ஜெல் அல்லது நீர்த்த வகை வாங்குங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். கன்னத்தில் மட்டும் மாய்ஸ்சரைசர், பிறகு முகம் முழுக்க சன்ஸ்க்ரீன். அளவு: ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் காலை முழுக்க நிற்பவர்களுக்கு அது வியர்வையில் கரைந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கை முழுக்க மண்ணும் எண்ணெயுமாக இருக்கும்போது அது நடக்கிற காரியம் இல்லை. அவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியும், முகத்தைச் சுற்றிக் கட்டிய பருத்தித் துணியும்தான் முதல் பாதுகாப்பு.

பருக் கறுப்பு மங்க நையாசினமைடு 4 அல்லது 5 சதவீதமோ அசெலாயிக் அமிலமோ உதவும். இரண்டும் நெற்றியின் எண்ணெயோடும் கன்னத்தின் வறட்சியோடும் சண்டை போடாதவை. மூன்று மாதமாவது கொடுங்கள்.

கறுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்றும் பாருங்கள். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரிப்பு, கறுப்பு, அல்லது வெள்ளைத் திட்டு என்றால் ஒட்டுப் பொட்டின் பசை ஒத்துக்கொள்ளவில்லை. உடனே நிறுத்துங்கள். குங்குமத்தில் சேர்க்கும் சாயமும் சிலருக்கு அப்படிச் செய்யும். நெற்றியோரம், கழுத்தின் பின்பக்கம், அக்குள் ஆகிய இடங்களில் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்தால், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரை விட அதிகம் என்று தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆகவே முகத்துக்கு க்ரீம் தேடுவதற்கு முன் இரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கூடவே மாதவிலக்கு தவறுவது, முகவாயில் முடி, தாடைப் பகுதியில் வலிக்கிற பரு இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சலோடு முகம் சிவந்து சுடுவது, வலிக்கும் பெரிய கட்டிகள், நிரந்தரப் பள்ளம் விழத் தொடங்கிய பரு: இவற்றுக்கு வீட்டில் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டுக்கும் அன்றே போங்கள். இந்த நான்கையும் தவிர மேலே சொன்ன மற்ற அறிகுறிகள் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை என்றால் போங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசு கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். தேவை என்றால் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம்.

போகிற காலையில் முகத்தில் பவுடரோ க்ரீமோ பூசாமல் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும், தலை எண்ணெய் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முகம் மோசமாக இருந்த நாளில் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள். நெற்றியில் என்ன போடுகிறீர்கள், கன்னத்தில் என்ன போடுகிறீர்கள் என்பதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்.